இருபத்தொரு தரிப்பிடங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் லண்டனில் வாழும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புலம்பெயர் தேசத்தில் பெண்கள்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். தலைப்பைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. நான் ஒரு மருந்தகத்தில் மருந்து எண்ணிக் கொடுப்பவள். பெரிய விடயங்களை ஆராய்ந்து பேச எனக்கு வராது. நல்லவேளையாக, முந்தநாள் விடுதிப் பிள்ளைகளோடு இருந்து கதைத்தபோது அவர்கள் புலம்பெயர்வைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சுரங்க ரயிலைப் பற்றித்தான். கூச்சப்பட்டவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்கள். "கீழே மூச்சு முட்டாதா?" "ஏன் ஒருவரும் கதைக்காமல் இருக்கிறார்கள்?" "வழி தவறினால் என்ன செய்வது?" "சாரதி பெண்ணாக இருப்பாரா?" என்று ஒரு கைப்பை நிறைய வினாக்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதோடு என் உரையை வைத்துக்கொள்கிறேன். செயலாளர் மன்னிக்கவேண்டும்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். தங்கைமாரே, நீங்கள் ரயில் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் வகுப்பினருக்கு ரயில் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு படம். 1990இல் யாழ்தேவி நின்றபோது நான் ஐந்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் இருபத்துநான்கு வருடம். ஆனாலும் கணித வினாத்தாளில் புகையிரதம் தவறாமல் வரும். இத்தனை மீற்றர் நீளமான புகையிரதம் இத்தனை மீற்றர் நீளமான பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று. புகையிரதமும் இல்லை, பாலமும் இல்லை, விடை மட்டும் சரியாகச் செய்தோம்.

தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின என்று முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பங்கருக்குப் போயின. எங்கள் வீட்டுப் பங்கரின் மேலும் பனங்குற்றிகளோடு இரண்டு துண்டுத் தண்டவாளம் கிடந்தது. அப்பா அதை எங்கே எடுத்தார் என்று நான் கேட்டதில்லை. கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியிலும் ஒரு பங்கர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் வலைப்பந்தாட்டத் திடல் இருக்கிறது, நேற்றுப் போய்ப் பார்த்தேன்.

பங்கர் வெட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு விதி சொல்வார்கள். வாசல் இரண்டு வைக்கவேண்டும். ஒன்று மூடுண்டால் மற்றதால் வெளியே வரலாம். எங்கள் வீட்டுப் பங்கருக்கு வாசல் ஒன்றுதான். மற்றப் பக்கம் கிணற்றுக்கட்டு வந்துவிட்டது. ஒரு கார்த்திகை மாத இரவு, நல்ல மழை, பக்கத்து வளவில் ஷெல் விழுந்த அதிர்ச்சியில் வாசல் பக்கத்து மண் சரிந்து மூடிவிட்டது. உள்ளே அம்மா, நான், தம்பி, பக்கத்து வீட்டு ஆச்சி. அப்பாவும் அயலவரும் மண்வெட்டியால் வெட்டி எங்களை எடுத்தார்கள். பத்து நிமிடம் இருக்கும் என்று அப்பா சொல்வார். ஒரு மணித்தியாலம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வா. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பங்கருக்குள் இறங்கவேயில்லை. எங்களைப் பக்கத்து வீட்டுப் பங்கருக்குள் தள்ளிவிட்டுத் தான் சுவாமி அறையில் படுத்துவிடுவா. "செத்தாலும் மேலை கிடந்து சாகிறன்" என்பா.

இனி ரயிலுக்கு வருகிறேன்.

நான் 2003இல் கலியாணம் செய்து லண்டன் போனேன். ரூட்டிங் என்ற இடத்தில் குடியிருந்தோம். அங்கே எங்களுடைய சனம் அதிகம். ரூட்டிங் புரோட்வே நிலையத்திலிருந்து நோர்தேர்ன் லைன் போகிறது. வரைபடத்தில் கறுப்புக் கோடு. முதல் நாள் நகரும் படிக்கட்டின் தலைப்பில் நின்றபோது கீழேயிருந்து இளஞ்சூடான காற்று முகத்தில் அடித்தது. எண்ணெயும் இரும்பும் புழுதியும் கலந்த மணம். யாரோ கீழே பெரிய துருத்தி வைத்து ஊதுவது போல இருந்தது.

அந்தக் காற்றுத்தான் "மூச்சு முட்டாதா" என்ற கேள்விக்குப் பதில். சுரங்கக் குழாயும் ரயிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வைத்தியரின் ஊசிக்குழலுக்குள் தண்டு போவது போல ரயில் முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் ரயிலின் வெளிச்சம் தெரிவதற்கு முன்பே காற்று வந்துவிடும். தலைமுடி பறந்தால் ரயில் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய காற்றாடிகளும் காற்றுக் கூண்டுகளும் வேறு இருக்கின்றன. மூச்சு முட்டாது. வெக்கை இருக்கும். லண்டனின் அடியில் உள்ளது களிமண். நூறு வருடமாக ரயில்கள் விட்ட சூட்டைக் குடித்துக் குடித்து அந்தக் களிமண்ணே சூடாகிவிட்டது. தொடக்க காலத்தில் கோடையில் குளிர்மையான இடம் என்று விளம்பரம் செய்தார்களாம். இப்போது ஓகஸ்டில் ஏறினால் அந்த விளம்பரம் எழுதியவரைத் தேடத் தோன்றும்.

உலகத்தின் முதலாவது நிலக்கீழ் ரயில் அதுதான். 1863 ஜனவரி 10ஆம் திகதி பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையில் ஓடத் தொடங்கியது. அப்போது நீராவி இயந்திரம். நிலத்துக்குக் கீழே நிலக்கரிப் புகை. அதை நினைத்தால் இன்றைய வெக்கை பெரிதல்ல. ஆழத்தில் மின்சாரத்தால் ஓடும் பாதை 1890இல் வந்தது. இன்று 11 பாதைகள், 272 நிலையங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பேர் நிலக்கீழ் ரயில் என்றாலும் பாதையில் பாதிக்கு மேல் நிலத்துக்கு மேலேதான் ஓடுகிறது. ஆனால் எங்கள் அம்மாவின் கெட்ட காலம், எங்கள் வீட்டடியில் ஓடும் பகுதி முழுக்கக் கீழே. மோர்டனில் தொடங்கி பாங்க் வழியாக ஈஸ்ற் பிஞ்ச்லி வரை 27 கிலோமீற்றருக்கு மேல் ஒரே சுரங்கம். ஒரு காலத்தில் உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது.

வரைபடத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் புவியியல் ரீச்சர் அந்த வரைபடத்தைப் பார்த்தால் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு எறிந்திருப்பா. அளவுத்திட்டம் இல்லை. தூரம் பிழை. ஹரி பெக் என்ற மின்வரைஞர் 1931இல் வரைந்தார். முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1933இல் அச்சடித்தார்கள். மின்சுற்று வரைவது போலக் கிடையாக, நிலைக்குத்தாக, 45 பாகையில் மட்டும் கோடுகள். கீழே போகிறவருக்கு வெளியே ஆறு எங்கே வளைகிறது என்பது தேவையில்லை, எதற்குப் பிறகு எது, எங்கே மாறவேண்டும் என்பதுதான் தேவை என்று அவர் கண்டுகொண்டார். இதில் ஒரு சங்கடம் உண்டு. லெஸ்ரர் ஸ்குவயருக்கும் கொவன்ற் கார்டனுக்கும் இடையில் 300 மீற்றர்கூட இல்லை. எங்கள் கல்லூரி வாசலிலிருந்து சந்திக்கு நடக்கிற தூரம். வரைபடத்தை நம்பிக் காசு கொடுத்துச் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிற ஆட்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

நகரும் படிக்கட்டில் வலது பக்கம் நிற்கவேண்டும், இடது பக்கம் அவசரக்காரர் நடந்து போவதற்கு. இதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். பிழையாக நின்றால் பின்னால் ஒரு இருமல் கேட்கும். அவ்வளவுதான். ரயிலுக்குள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், ஆனால் முகம் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் பத்திரிகையையோ கைத்தொலைபேசியையோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் மாதம் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. எங்கள் பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் போவதற்குள் எந்த ஊர், யாருடைய மகள், இன்னும் ஏன் பிள்ளை இல்லை என்பது வரை கேட்டுவிடுவார்கள். அங்கே நான் ஒரு மாதம் போய் வந்தும் ஒரு சொல் பேசவில்லை. பிறகுதான் விளங்கியது. அவ்வளவு நெருக்கத்தில் இன்னொருவரின் முகத்தைப் பார்ப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. கண்ணை எடுத்துக்கொள்வது அவர்கள் தருகிற இடம்.

2005 ஜூலை 7ஆம் திகதியைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தா. ஆம், அன்று நான் லண்டனில்தான் இருந்தேன். மூன்று ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். நாங்கள் எல்லோரும் நடந்து வீடு போனோம். அம்மா தமிழோசையில் கேட்டுவிட்டு அயல்வீட்டுத் தொலைபேசியில் எடுத்தா. "பிள்ளை, நிலத்துக்குக் கீழை போகாதை" என்று மட்டும் சொன்னா. நான் ஓம் என்றேன். அடுத்த கிழமை போனேன். வேலைக்குப் போக வேறு வழி இல்லை. ஏறியவர்கள் எல்லோரும் அன்று ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த ஒரு கிழமைதான் அந்த ரயிலில் முகம் பார்த்தார்கள்.

அம்மா 2010இல் எங்களிடம் வந்துசேர்ந்தா. அப்பா அதற்கு முதலே காலமாகிவிட்டார். முதியவர்களுக்கான இலவசப் பயண அட்டை பிறகு கிடைத்தது. அதைச் சுவாமிப் படத்தடியில் வைத்தா. பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துப் போவா. ரூட்டிங்கில் அம்மன் கோவில் இருக்கிறது, தமிழ்க் கடைகள் இருக்கின்றன, மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை எல்லாம் கிடைக்கும். அந்த இரண்டு வீதிகளுக்குள் அம்மாவின் லண்டன் முடிந்துவிட்டது. மருமகனும் நானும் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்க யன்னலடியில் இருப்பா. இப்படி எத்தனை அம்மாமார் அங்கே இருக்கிறார்கள் தெரியுமா? பிள்ளைகள் நல்லாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் போக்கு.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. ஹைகேற் முருகன் கோவில். அது நகரத்தின் மற்றப் பக்கம், ஆர்ச்வே நிலையத்துக்குக் கிட்ட. ரூட்டிங்கும் ஆர்ச்வேயும் ஒரே கறுப்புக் கோட்டில்தான் இருக்கின்றன. ஏறினால் முக்கால் மணித்தியாலம். "உந்தக் கிடங்குக்குள்ளை நான் இறங்கன்" என்று அம்மா சொன்னபடியால் பஸ் மாறி மாறிப் போவோம். போக மட்டும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். மாதத்தில் ஒரு வெள்ளி என்றால் சரி. அந்த வருடம் கந்தசஷ்டி ஆறு நாளும் போகவேண்டும் என்று விரதம் பிடித்தா. என்னால் ஆறு நாள் விடுமுறை எடுக்கமுடியாது என்று சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். இரவு முழுக்க ஒன்றும் பேசவில்லை. விடியப் புறப்பட்டு நின்று, "வா, கீழை போவம்" என்றா.

படிக்கட்டின் தலைப்பு வரை வந்தா. அங்கே நின்றுவிட்டா. காற்று வந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அசையவில்லை. வேலைக்குப் போகிற நேரம், பின்னால் சனம் நிறைந்துவிட்டது. நான் வெட்கத்தில் அம்மாவின் கையை இழுத்தேன். செம்மஞ்சள் மேலங்கி போட்ட, கரீபியன் வம்சாவளிப் பெண் ஒருவர், அங்கே வேலை செய்கிறவர், வந்து எங்களை ஓரமாகக் கூட்டிப் போனார். என்ன பிரச்சினை என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்து, "உதுக்கு எத்தினை வாசல் எண்டு கேள்" என்றா.

எனக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன். அந்த மனுசி சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். கையால் காட்டிக் காட்டி அம்மாவுக்கே நேரடியாகச் சொன்னார். இந்தப் பக்கம் சுரங்கம் ரூட்டிங் பெக் நிலையத்துக்குப் போகிறது, அங்கே ஒரு வாசல். அந்தப் பக்கம் கொலியர்ஸ் வூட், அங்கே ஒரு வாசல். ரயில் இடையில் நின்றுவிட்டால் மின்சாரத்தை நிற்பாட்டிவிட்டு ஆட்களை நடத்தி எடுப்போம். எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு பக்கமும் வழி உண்டு. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சரி" என்றா. இறங்கினா. வலது பக்கம்தான் நின்றா.

அம்மாவின் கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் சனம் இந்த நிலையங்களுக்குள்தான் இரவில் ஒளிந்திருந்தார்கள். நாங்கள் தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குப் போட்டோம், அவர்கள் தண்டவாளத்தின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பெத்னல் கிறீன் என்ற நிலையம் அப்போது கட்டிமுடியாமல் தங்குமிடமாகப் பயன்பட்டது. 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு அபாயச் சங்கு ஊதி, பக்கத்துப் பூங்காவில் புதுவகை எதிர்ப்பு ரொக்கட் வெடித்த சத்தத்தில் சனம் முண்டியடித்து இறங்கியது. ஈரப் படி, நடுவில் பிடிகம்பி இல்லை, போதிய வெளிச்சம் இல்லை, வாசல் ஒன்றே ஒன்று. ஒருவர் தடுக்கி விழ, மேலே மேலே விழுந்து 173 பேர் நெரிபட்டு இறந்தார்கள். அதில் 62 பேர் சிறுவர்கள். அன்று அந்த இடத்தில் ஒரு குண்டும் விழவில்லை. அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, தலைகீழான படிக்கட்டு வடிவில். அம்மாவைக் கூட்டிப் போனேன். பெயர்களை நான் வாசித்தேன். பிறகு அம்மா நிலையத்துப் படிக்குப் போய்ப் பிடிகம்பியைக் கையால் தடவிப் பார்த்தா.

அந்தச் சஷ்டிக்குப் பிறகு அம்மா தனியப் போகப் பழகினா. பழகிய விதத்தை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் "ஆங்கிலம் தெரியாவிட்டால் போகமுடியுமா" என்று ஒரு தங்கை கேட்டிருந்தா. ரூட்டிங் புரோட்வேயில் ஏறி, அடுத்த தரிப்பிடத்தை ஒன்று என்று வைத்தால், ஆர்ச்வே இருபத்தொன்று. பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுவை எண்ணினால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. ஒரு கை முடிய பாங்க் வரும், சனம் பாதி இறங்கும். மற்றக் கையில் ஒன்பது எண்ண ஆர்ச்வே. கம்டன் ரவுனுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எட்ஜ்வெயருக்கு, மற்றது ஆர்ச்வே வழியாக ஹை பார்னெற்றுக்கு. ரயிலின் நெற்றியில் பெயர் எழுதியிருக்கும். முதல் எழுத்து ஏணி மாதிரி இருந்தால் ஏறு, சீப்பு மாதிரி இருந்தால் விடு என்று அம்மா தனக்கு விதி வைத்தா. பெயர்களும் தன்பாட்டில் வைத்தா. எலிபன்ற் அண்ட் காசில் அம்மாவுக்கு யானையடி. பலம் என்று அவர்கள் உச்சரிக்கும் இடம் அம்மாவுக்குப் பாலம். அந்தப் பாலத்தில் 1940 ஒக்ரோபரில் மேலே வீதியில் விழுந்த குண்டால் சுரங்கத்துக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இன்று இந்த மண்டபத்தில் கேட்டுத்தான் அவ அறியப்போகிறா. ஓம், பின்வரிசையில் இருக்கிறா.

ஒரு தடவை சீப்பில் ஏறிவிட்டா. பதினெட்டுக்குப் பிறகு வரவேண்டிய நிலையம் வரவில்லை. காதில் பாட்டுக் கருவி மாட்டிய ஒரு பொடியனின் தோளில் தட்டிக் கோவில் விலாசம் எழுதிய கொப்பியைக் காட்டினா. அந்தப் பொடியன் அடுத்த நிலையத்தில் தானும் இறங்கி, மற்ற மேடைக்குக் கூட்டிப் போய், கம்டன் ரவுன் வரை திரும்பி வந்து, ஏணி ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் போனான். ஒரு சொல்லும் பேசவில்லையாம். "நல்ல வளர்ப்பு" என்று அம்மா சொன்னா. கதைக்காத சனம் என்று நான் குறைபட்ட அதே சனம்தான்.

இன்னொரு கதை. 2022இன் தொடக்கத்தில் பாங்க் நிலைய வேலைக்காக அந்தப் பகுதியை நான்கு மாதம் மூடினார்கள். ரயில்கள் கெனிங்டனில் திரும்பி வேறு வழியாக, சேரிங் குரொஸ் பக்கமாகப் போயின. அம்மாவிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன். வேலையில் இருந்தபோதுதான் ஞாபகம் வந்தது, நெஞ்சு பதறிவிட்டது. பின்னேரம் வந்து பார்த்தால் அம்மா அடுப்படியில். "கோவிலுக்குப் போனீங்களோ?" "போனன்." "எப்படி இறங்கினீங்கள்?" "இருபத்தொண்டிலை. ஆனா இண்டைக்குப் பாங்கிலை சனம் இறங்கேல்லை." வரைபடத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பாங்க் வழியாகப் போனாலும் சேரிங் குரொஸ் வழியாகப் போனாலும் ஆர்ச்வே இருபத்தொன்றுதான். நீங்களும் எண்ணிப் பாருங்கள். இருபது வருடமாக அந்தப் பாதையில் போகிற எனக்கு அது தெரியாது.

அந்த வழியில் எம்பாங்க்மென்ற் என்ற நிலையம் வரும். மேடைக்கும் ரயிலுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனிக்கும்படி, "மைன்ட் த காப்" என்று ஒரு குரல் சொல்லும். அந்த அறிவிப்பு 1960களின் கடைசியில் வந்தது. இப்போது மற்ற நிலையங்களில் புதிய குரல்கள். வடக்கே போகும் நோர்தேர்ன் லைன் மேடையில், அந்த நிலையத்தில் மட்டும், ஒஸ்வல்ட் லோரன்ஸ் என்ற நடிகரின் பழைய குரல். அவர் 2007இல் இறந்தார். மனைவி மார்கரெற் மக்கலம் ஒரு வைத்தியர். அந்தக் குரலைக் கேட்பதற்காக அந்த மேடையில் போய் இருப்பாராம். 2012இல் குரலை மாற்றிவிட்டார்கள். அவர் போய்க் கேட்டார். தேடி எடுத்து ஒரு பிரதியைக் கொடுத்தார்கள், 2013இல் அந்த மேடைக்கே குரலைத் திருப்பியும் போட்டார்கள். இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். எங்களிடம் அப்பாவின் குரல் இல்லை. இடம்பெயர்ந்தபோது கலியாண வீட்டு ஒலிநாடா எல்லாம் போய்விட்டது. அம்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அந்த மனுசி கேட்கப் போனது நல்ல வேலை" என்றா. பாங்க் திறந்த பிறகும் இடைக்கிடை அம்மா கெனிங்டனில் இறங்கி மற்ற ரயில் மாறிப் போவது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்பதில்லை. எண்ணிக்கை மாறாதுதானே.

விட்டுப்போன கேள்விகள். சாரதி பெண்ணாக இருப்பாரா? 1978இல் ஹனா டட்ஸ் என்பவர் முதல் பெண் சாரதியானார். இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று எழுதிய தங்கை உரை முடிய என்னிடம் வரவும். எலி இருக்குமா? இருக்கும். தண்டவாளத்துக்கு இடையில், புழுதி நிறத்தில், சின்னன். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. கால் இயலாதவர்கள் போகமுடியுமா? இதுதான் அங்கே பெரிய குறை. மின்தூக்கி இல்லாத நிலையங்கள் அரைவாசிக்கு மேல். அம்மாவின் முழங்கால் இப்போது அவ்வளவு சரியில்லை. இன்னும் எத்தனை சஷ்டிக்கு இந்த இருபத்தொன்றும் நடக்கும் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

நாங்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்தேவியில்தான் வந்தோம். அம்மா ரயிலில் ஊருக்கு வருவது 1990க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. யன்னலோரத்தில் இருந்து பெருவிரலால் எண்ணிக்கொண்டு வந்தா. இரண்டு கையும் முடிந்து மறுபடி தொடங்கினா. பளையில் தண்டவாளத்தின் ஓரத்தை எட்டிப் பார்த்தா. "இது புதுத் தண்டவாளம்" என்றா. கொடிகாமம் வரமுதல் நித்திரையாகிவிட்டா. யாழ்ப்பாணத்தில் எழுப்பினேன். "எண்ணிக்கை பிழைச்சுப்போச்சு பிள்ளை, எத்தினையிலை இறங்கிறம்?" என்று கேட்டா.